யாரிடம் கற்கிறோம்

2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊர்களில் தண்டோரா போடும் வழக்கத்தை இனி நிறுத்திவிட வேண்டும். ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் வந்துவிட்ட காலத்தில் ஒரு மனிதரைப் பறையடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் கூவ வைப்பதற்குத் தேவை இல்லை. மீறுவோர்மீது நடவடிக்கை உண்டு என்பது அதன் சாரம். ஐந்து மாதம் கழித்து, 2023 பொங்கலுக்கு, அதே அரசு சென்னைப் பூங்காக்களில் ‘சென்னை சங்கமம்’ விழாவைப் பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மறுபடி நடத்தியது. அங்கே பறை முழங்கியது. ஜனங்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

ஒரு கையால் தடுத்து மறு கையால் மேடையேற்றுவதா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் ஒரே திசையில் போவதாகத்தான் படுகிறது. கருவி ஒன்றுதான், தோல் ஒன்றுதான், அடிக்கும் கையும் அநேகமாக ஒரே தெருவிலிருந்து வருகிற கைதான். ஆனால் தண்டோரா போடுகிறவருக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல இடமில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டால் போக வேண்டும். சாவு விழுந்தால் போக வேண்டும், பிணம் எடுக்கும்வரை வெயிலில் நிற்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சம்மதம் கேட்கப்படாமலே அடிபட்டுவந்த ஒரு கருவி, கடந்த முப்பது ஆண்டுகளில் கற்றுத்தரப்படும் கருவியாக மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் நம் கண்முன்னே நடந்த பெரிய பண்பாட்டு மாற்றங்களில் இது ஒன்று என்று நினைக்கிறேன். இதைப் பற்றிய பேச்சோ, ‘நம் ஆதி இசை மீண்டது’ என்ற பெருமிதத்தோடு நின்றுவிடுகிறது.

இசையால் சமூகம் மாறும் என்று சொல்கிறவர்கள் பொதுவாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளையையே பார்க்கிறார்கள். பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வந்ததா, படிப்பில் கவனம் கூடியதா, கெட்ட சகவாசம் குறைந்ததா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். பறை வகுப்பு என்று வரும்போது மட்டும், அங்கே நின்று கற்றுக்கொடுக்கிறவரையும் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.

ஒரு வகுப்பு எப்படி நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏதோ ஒரு பள்ளி மைதானம். ஆசான் வந்தவுடன் பாடம் தொடங்கிவிடாது. முதலில் பறை காய்ச்ச வேண்டும். சருகும் வைக்கோலும் பழைய செய்தித்தாளும் சேர்த்துத் தீ மூட்டி, அதன்மேல் பறையைக் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்றுகிறார். ஈரம் ஏறிய தோல் தொளதொளவென்று கிடக்கும். அடித்தால் சாக்கில் அடித்த மாதிரி இருக்கும். சூடு ஏற ஏறத் தோல் இறுகுகிறது. விரலால் ஒரு சுண்டு, மறுபடி தீயில் ஒரு சுற்று, மறுபடி ஒரு சுண்டு. கணீரென்று பேசத் தொடங்கியதும் அடுத்த பறை. மழைக்காலமென்றால் இதற்கே அரை மணி நேரம் போய்விடும். முதல் நாள் வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் சருகு பொறுக்கப் போய்விடுவார்கள்.

பறையின் கட்டுமானம் எளிமையானது. வளைவாகச் செதுக்கிய மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகடு வைத்து இணைத்தால் வட்டச் சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டிய மாட்டுத்தோல். இடது கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையாகத் தடித்த அடிக்குச்சி. புதிதாக வருகிறவர்கள் வலது கையை ஓங்கத்தான் ஆசைப்படுவார்கள், சத்தமெல்லாம் அங்கேதான் என்ற நினைப்பில். ஆசானின் பார்வை இடது கைமேல்தான் இருக்கும். அந்தக் கைக்கு இரண்டு வேலை: பறையின் விளிம்பையும் தாங்க வேண்டும், சிண்டுக்குச்சியைத் தோலோடு படிய விட்டுச் சுண்டவும் வேண்டும். பிடி இறுகினால் குச்சி துள்ளாது. தளர்ந்தால் பறை நழுவும். சொல்லிப் புரியவைக்க முடியாத இடம் இது. ஆசான் கிட்டே வந்து, கற்பவரின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்.

இந்த மணிக்கட்டைப் பிடிக்கும் நொடியை நான் அசட்டையாகத் தாண்டிப்போக விரும்பவில்லை. பிடிக்கிறவர் பெரும்பாலும் தலித் கலைஞர். சாவு வீடுகளுக்கும் கோயில் சாட்டுக்கும் அப்பாவோடு போய்ப் பழகியவர். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவராக இருக்கலாம். பிடிபடுகிறவர் எந்தச் சாதியாகவும் இருக்கலாம். கணினி வேலையிலோ கல்லூரியிலோ இருப்பவர். இவருடைய தாத்தா அவருடைய தாத்தாவைத் தன் வாசலுக்குள் விட்டிருக்க மாட்டார். இங்கே அவர் தொட்டுத் திருத்துகிறார், இவர் தலையாட்டிக்கொண்டு மறுபடி அடித்துப் பார்க்கிறார். “இல்ல தம்பி, இன்னும் வரல” என்கிறார் அவர். “சரிங்க ஆசான்” என்கிறார் இவர். வாரா வாரம் இது நடக்கிறது. தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி வாசிக்கிற கூட்டங்களில் நடக்காத ஒன்று அந்த மைதானத்தில் வெறும் பாடத்தின் தேவையால் நடந்துவிடுகிறது.

ஆசானுக்கு அங்கே இன்னொன்றும் கிடைக்கிறது: தாமதப்படுத்தும் உரிமை. “கால் ஒழுங்கா வந்தப்புறம் அடுத்த அடி” என்று நிறுத்திவைக்கலாம். “இன்னைக்கு இது போதும்” என்று குச்சியைக் கீழே வைக்கலாம். சாவு வீட்டு வாசலில் அப்படி வைக்க முடியாது.

ஆனால் இந்த இடத்துக்கு நேர்வழியில் யாரும் வந்து சேரவில்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் மறுப்பு இருந்தது. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் முன்னின்று நடத்திய போராட்டங்களில் முக்கியமான கோரிக்கை, செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்பது. தீண்டாமை பற்றி ஆராய அமைக்கப்பட்டு 1969இல் அறிக்கை தந்த தேசியக் குழுவுக்குத் தலைவராக இருந்த அதே இளையபெருமாள்தான். அந்தத் தலைமுறைக்குப் பறை என்பது கழற்றி எறியவேண்டிய விலங்கு. பல ஊர்களில் அதை எறிந்ததற்காக அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள். ஆகவே 1990களில் பறையைக் கற்றுக்கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது எதிர்ப்பு முதலில் சேரியிலிருந்தேதான் வந்தது. நாங்கள் விட்டொழித்ததை எங்கள் பிள்ளைகள் கையில் மறுபடி ஏன் கொடுக்கிறீர்கள் என்று அப்பாக்கள் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பண்பாட்டுப் பெருமை பேசிப் பதில் சொல்ல முடியாது. தொல்காப்பியம் கருப்பொருள்களில் பறையையும் சேர்த்திருக்கிறது, திணைக்கொரு பறை உண்டு, புறநானூற்றின் 335ஆம் பாட்டில் துடியனோடும் பாணனோடும் பறையனும் உயர்ந்த குடியாக எண்ணப்படுகிறான் என்றெல்லாம் எடுத்துக்காட்டுவது சரிதான். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய மரியாதை, நேற்றைய சாவு வீட்டில் தனிக் குவளையில் டீ வாங்கிக் குடித்தவருக்கு எந்த வகையில் உதவும்?

அந்தக் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்களில் ஒருவர் தியாபிலஸ் அப்பாவு. ‘பரட்டை’ என்ற பெயரில் பாட்டெழுதியவர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்தார். கிறித்தவக் கோயில்களில் கர்நாடக சங்கீதச் சாயலில் கீர்த்தனைகள் பாடப்பட்ட காலத்தில், கும்மி மெட்டிலும் ஒப்பாரி மெட்டிலும் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். இறையியல் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு முக்கியமாகத் தெரிவது அவருடைய இசைக்கல்விச் சிந்தனை. நாட்டார் பாட்டை ஒரு முறை கேட்டவர் திருப்பிப் பாடிவிடலாம். பிடிக்காத சொல்லை மாற்றிக்கொள்ளலாம், தன் ஊர் விஷயத்தை இடையில் செருகிக்கொள்ளலாம். வருஷக்கணக்காகக் குருவின் காலடியில் கிடந்து, ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பிக்க வேண்டிய இசை, கற்பவனுக்குப் பணிவைப் பழக்குகிறது. மாற்றிப் பாட முடிகிற இசை மாற்றிக் கேட்கவும் பழக்குகிறது. இப்படித்தான் அவருடைய வேலையை நான் புரிந்துகொள்கிறேன். அவருடைய மாணவர்கள் கிராமச் சபைகளுக்குப் போதகர்களாகப் போனபோது அந்த மெட்டுகளும் கூடவே போயின.

அதே கல்லூரியின் தலித் ஆதார மையம்தான் 1990களில் மதுரையில் தலித் கலைவிழாக்களை நடத்தியது. சாவுக்கும் சாட்டுக்கும் அடிக்கிறவர்கள், யாருடைய சாவும் இல்லாத, யாருடைய உத்தரவும் இல்லாத ஒரு மேடையில் நின்று அடித்தார்கள். அதே காலத்தில் கே. ஏ. குணசேகரன் ‘தன்னானே’ கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார். இளையான்குடிப் பகுதியில் பிறந்து, புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதியவர். நாட்டார் பாட்டைப் பாடமாகவும் போராட்டமாகவும் ஒரே மூச்சில் நடத்திக்காட்டினார்.

பெண்கள் வந்தது இதைவிடப் பெரிய மாற்றம். பறை ஆண்களின் கருவியாகவே இருந்தது. சேரிக்குள்ளேயும் பெண் அதைத் தோளில் மாட்டுவது வழக்கமில்லை. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழு, பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்ட தலித் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பறையும் ஒயிலும் கும்மியும் கற்றுத்தந்தது. கூடவே சாதி எப்படி வேலை செய்கிறது, கூலி எப்படி நிர்ணயமாகிறது, கல்யாணம் யாருக்காக நடக்கிறது என்ற பேச்சும் பாடமாக இருந்தது. ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசையறிஞர் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார்.

சக்தி பெண்கள் ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் பறையைத் தாழ்த்திப் பிடிப்பதில்லை. கால் அகல வைத்து, பார்வையாளரின் கண்ணைப் பார்த்து, முன்னேறி வந்து அடிக்கிறார்கள். தெருவில் நடக்கும்போது ஒதுங்கி நட, குனிந்து நட என்று சொல்லி வளர்க்கப்பட்ட உடம்பு அது. அடவு கற்றுக்கொள்ளும்போது அந்த உடம்பு முதலில் மறக்க வேண்டியது ஒதுங்குவதை. அதிகம் இடம் எடுத்துக்கொள், கையை விரி, தரையை ஓங்கி மிதி என்றே ஒவ்வொரு அடவும் சொல்கிறது. ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஊர் நடுவில் நின்று இவ்வளவு சத்தம் போட வேறு எந்த அனுமதி கிடைத்திருக்கும்?

உலகம் முழுக்க இந்த விஷயத்தில் முதலில் சொல்லப்படும் உதாரணம் வெனிசுவேலா. பொருளியல் படித்தவரும் இசைக்கலைஞருமான ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் காரகாஸ் நகரில் சில இளைஞர்களைச் சேர்த்துத் தொடங்கிய இளையோர் இசைக்குழு, ‘எல் சிஸ்தெமா’ என்ற நாடளாவிய அமைப்பாக வளர்ந்து, லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் வயலினையும் செல்லோவையும் கொடுத்தது. அதில் வளர்ந்த குஸ்தாவோ டூடமெல் 2007இல் லண்டன் பிராம்ஸ் விழாவில் அந்த இளைஞர்களை நடத்திய கச்சேரி இன்றும் பேசப்படுகிறது. குப்பத்துப் பிள்ளை பேத்தோவனை வாசிப்பது அழகான காட்சி. ஆனால் 2014இல் ஜெஃப்ரி பேக்கர் அந்த அமைப்பை உள்ளே போய்ப் பார்த்து எழுதிய புத்தகம் வேறு சில கேள்விகளையும் எழுப்பியது. கடுமையான அதிகாரப் படிநிலை, கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது, வெனிசுவேலாவின் சொந்த இசை பின்னுக்குப் போவது. 2017இல் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி சார்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பிள்ளைகளின் சுயகட்டுப்பாட்டில் சிறிதளவு முன்னேற்றம் இருந்தது, ஆனால் அந்த ஆய்வுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளில் வறுமையில் இருந்தவர்கள் 16.7 சதவீதம்தான், அவர்கள் வாழ்ந்த மாநிலங்களிலோ அது 46.5 சதவீதம். இலவசமாகக் கொடுத்தும் மிக ஏழை வீட்டுப் பிள்ளை வந்து சேரவில்லை.

அப்ரேயுவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வழியில் இசை மேலிருந்து கீழே வருகிறது. உயர்ந்ததாக ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்று ஏழைக்கு எட்டும்படி வைக்கப்படுகிறது. எது உயர்ந்தது என்ற தீர்ப்பு தொடப்படுவதே இல்லை. சென்னையிலும் இந்த வழியில் நல்ல முயற்சிகள் நடந்தன. பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவில் மீனவக் குப்பத்துக் கடற்கரையில் கர்நாடக சங்கீதம் ஒலித்தது. அந்த விழா ஒரு படி கூடுதலாகப் போய்ப் பறைக்கும் வில்லுப்பாட்டுக்கும் அதே மேடையைக் கொடுத்தது. இந்தக் கூடுதல் படிதான் முக்கியம். பறை வகுப்பில் அறிவு எதிர்த் திசையில் பயணம் செய்கிறது. யாருக்கு ஒன்றும் தெரியாது என்று ஊர் சொல்லிவந்ததோ, அவரிடம் இருப்பதைக் கற்க ஊர் வருகிறது.

நம் அரசுக்கு இது இன்னும் முழுதாகப் புரியவில்லை. தமிழிசை இயக்கத்திலிருந்தே அந்த இடைவெளி தொடங்குகிறது. 1929இல் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி தொடங்கினார், 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. தெலுங்குக் கீர்த்தனைக்கு நடுவில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட நியாயமான போராட்டம் அது. அந்த இடம் கிடைத்தபோது அதில் தேவாரப் பண்ணும் கீர்த்தனையும் உட்கார்ந்தன. தப்பும் உறுமியும் வாசலுக்கு வெளியிலேயே நின்றன. அரசு பல மாவட்டங்களில் நடத்துகிற இசைப்பள்ளிகளில் வழக்கமான பாடங்கள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம். தவிலும் நாதசுரமும் இருப்பது நல்ல விஷயம். ஆனால் கோயிலோடும் சபாவோடும் உறவுள்ள இசையே இசை என்ற பழைய கணக்கு அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கிறது.

தோலைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுதிவிட முடியாது. மிருதங்கத்துக்கும் மாட்டுத்தோல் வேண்டும். அதைப் பதப்படுத்தி, மூட்டி, சுருதி கூட்டித் தருகிற தஞ்சாவூர் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற புத்தகம் எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் பேசியதற்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காது இருந்தது என்பது அதைப் படித்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. மிருதங்கத்தில் தோலைத் தொடுகிற கை வேறு, வாசிக்கிற கை வேறு என்று பிரித்துவைத்துத்தான் அந்த இசை தன் சுத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டது. பறையில் அந்தப் பிரிவினை இல்லை. தோல் வாங்குவதும் இழுத்து ஒட்டுவதும் காய்ச்சுவதும் அடிப்பதும் ஒரே ஆள். வகுப்புக்கு வருகிறவரும் தீயின் பக்கத்தில் குந்தி, சூடேறும் தோலின் வாடையை மூச்சில் வாங்கியே ஆக வேண்டும். முகம் சுளித்தவர்கள் சிலர் இரண்டாம் வாரம் வருவதில்லை. இருந்துவிட்டவர்களுக்கு அந்த வாடைதான் முதல் பாடம்.

இப்போது செயற்கைத் தோல் போட்ட பைபர் பறை வந்துவிட்டது. திருகாணியை முறுக்கினால் சுருதி நிற்கும். காய்ச்ச வேண்டாம், மழைக்குப் பயப்பட வேண்டாம், எடை குறைவு. மழையில் நனைந்துகொண்டே ஊர்வலத்தில் அடிக்க வேண்டிய கலைஞர் அதை வாங்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் வயிற்றுப்பாடு அது. பள்ளி விழாவுக்கும் அது வசதி. ஆனால் நகரத்து வகுப்பு ஒன்றில் முதல் நாளிலிருந்தே பைபர் பறையை மட்டும் கையில் கொடுத்து, தோல் என்ற பேச்சே எழாமல் பார்த்துக்கொண்டால், அங்கே கற்றுத்தரப்படுவது தாளம் மட்டும்தான். மாடும் சாவும் சேரியும் கழுவப்பட்டுவிட்ட பறையைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகிறது. வீட்டில் யாருக்கும் உறுத்தாது. உறுத்தாமல் போவது எனக்குக் கவலையாக இருக்கிறது. சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, சப்பரத்து அடி, மருள் அடி என்று ஒவ்வோர் அடியும் ஒரு வேலையின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. மாரடிப்பு அடியைக் கற்றுத்தரும்போது அது யார் வீட்டில், யாருக்காக, எவ்வளவு நேரம் அடிக்கப்பட்டது என்று ஆசான் சொல்ல வேண்டும். நல்ல ஆசான்கள் சொல்கிறார்கள். மைதானத்தில் அந்த ஐந்து நிமிடம் ஒருவரும் பேசாமல் நிற்பார்கள்.

2017 சனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டத்தில் பறை கேட்டது. அமெரிக்கத் தமிழ்ச் சங்க விழாக்களில் கேட்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகள் அழகாக அடிக்கிறார்கள். பறை தமிழரின் அடையாளம் என்ற முழக்கம் இந்த இடங்களிலிருந்துதான் பலமாக வருகிறது. எல்லாரும் கற்கட்டும் என்றே நானும் சொல்கிறேன். கருவியைச் சாதிக்குள் பூட்டிவைப்பது பழைய கணக்குக்கே திரும்பிப்போவது. ஆனால் ‘தமிழர் எல்லாருடையதும்’ என்று சொல்லும் வாய், இத்தனை காலம் அதை யார் தோளில் சுமத்தி வைத்திருந்தோம் என்றும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சுமந்தவருக்குக் கிடைத்தது இழிவு, இறக்கிவைத்த பிறகு வந்தவருக்குக் கிடைத்தது பெருமை என்றாகிவிடும். நான்கு மாதம் வகுப்புக்குப் போனவர் தானே ‘ஆசான்’ ஆகிக் கட்டணம் வாங்கத் தொடங்குவதும், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கோயில் கொடைக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் தினக்கூலிக்கு அடித்துக்கொண்டிருப்பதும் இப்போதே நடக்கிற விஷயம்.

வகுப்பில் ஆசான் என்று அழைத்தவர், பொங்கலுக்குச் சொந்த ஊர் போகும்போது அங்கே கோயில் வாசலில் நிற்கும் அறுபது வயதுப் பறைக்காரரை எப்படி அழைக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆவல் உண்டு. சில இளைஞர்கள் ஊரில் ‘வாங்கண்ணே’ என்று தொடங்கி, வீட்டில் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவருடைய தாயார் மூன்று நாள் பேசவில்லையாம். இப்படி ஒரு வீட்டுக்குள் சண்டை மூட்டாத இசைக்கல்வியைச் சமூக மாற்றம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு மரியாதையும் பாக்கி இருக்கிறது. பறையை விட்டுவிட்டவருக்கான மரியாதை. ஆசானின் மகன் குச்சியைத் தொட மாட்டேன், போலீஸ் வேலைக்குப் போகிறேன் என்றால் அது கலைக்குத் துரோகம் ஆகாது. பாரம்பரியம் அழிகிறதே என்று அவனிடம் போய் அங்கலாய்ப்பது, பழைய கட்டாயத்தைப் புதிய சொல்லில் திரும்பக் கொண்டுவருவது. பறையைக் காப்பாற்றும் பொறுப்பை இனி மற்றவர்கள் ஏற்கட்டும். இளையபெருமாள் கேட்ட உரிமையும் சக்தி பெண்கள் எடுத்துக்கொண்ட உரிமையும் ஒன்றுதான். அடிப்பதா வேண்டாமா என்பதை அடிக்கிறவர் முடிவு செய்ய வேண்டும்.

அப்படி முடிவு செய்ய ஒருவருக்குச் சோறு உறுதியாக வேண்டும். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது பல ஊர்க் கலைஞர்கள் தங்களுக்கே கிடைத்ததுபோல மகிழ்ந்தார்கள்; நானும் மகிழ்ந்தேன். விருது ஒருவருக்கு வரும். மற்றவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும். மாவட்ட இசைப்பள்ளி ஒவ்வொன்றிலும் மிருதங்க ஆசிரியருக்குப் பக்கத்து அறையில், அதே சம்பள விகிதத்தில், அதே ஓய்வூதியத்தோடு ஒரு பறை ஆசிரியர் உட்கார வேண்டும். அறிவிப்பு வெளியிட்டால் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் இசைப் பட்டயமும் கேட்பார்கள். நாற்பது ஆண்டு அடித்தவரிடம் அது இருக்காது. அவரிடம் நான்கு மாதம் கற்ற பட்டதாரியிடம் இருக்கும். பணியிடம் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முதல் தலைமுறை ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் விதியைத் தளர்த்தி, அடித்துக் காட்டுவதையும் சொல்லிக்கொடுத்துக் காட்டுவதையும் வைத்துத் தேர்வு நடத்த வேண்டும். தேர்வுக் குழுவில் பாதிப் பேராவது பறையடித்துப் பிழைத்தவர்களாக இருக்க வேண்டும். அந்தப் பள்ளிகளின் பின்கட்டில் பறை காய்ச்ச ஓர் இடமும், மழைக்கு ஒதுங்க அதன்மேல் ஒரு கூரையும் போட்டுத் தர வேண்டும்.